சேந்தனூர் கிளையின் புகார் மனு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு வேண்டாம். இந்தப் பையை மடியில வச்சுக்க இடம் இருந்தா போதும். மேல வைக்கலாம்தான், கண்டக்டரும் அதத்தான் சொன்னாரு. ஆனா இதுல கட்சி முத்திரை இருக்கு. அதத் தலைக்கு மேல வச்சுட்டுக் கீழ உக்காந்தா எனக்கு நிம்மதி இருக்காது.

எந்தக் கட்சியா? அகில பாரத பிரஜா சபை. கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல. கும்பகோணம் ஸ்டாண்டுல ஒருத்தர் பஜனை மடமான்னு கேட்டாரு. தேசியக் கட்சி தம்பி. டெல்லியில ஆபீஸ் இருக்கு. சின்னம் கூஜா. சிரிங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன், ஊரே இத்தனை வருசமா சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நான் சேந்தனூர் கிளைத் தலைவர், பக்கிரிசாமி. தலைவர்னா, பன்னண்டு நாளைக்கு முந்தி வரைக்கும் தலைவர். இப்ப ஆறு வருசத்துக்கு நீக்கம். அந்த விஷயமாத்தான் சென்னைக்கு, மாநில ஆபீசுக்குப் போயிட்டிருக்கேன்.

எங்க கிளைக்குன்னு ஒரு வரலாறு இருக்கு. யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான். எழுவத்தெட்டுல நாங்க நாப்பத்திமூணு பேர். நான் உரக்கடை வச்சிருந்தேன். குஞ்சிதபாதம் மைக் செட் வச்சிருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சோம், ஒரே நாள்ல கட்சியில சேந்தோம், ஒரே பேனாவ மாத்தி மாத்தி வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். அந்த வருசம் மாசி மாசம் எங்க அகில இந்தியத் தலைவர் ரயில்ல ராமேஸ்வரம் போறாருன்னு தந்தி வந்துச்சு. வண்டி எங்க ஸ்டேஷன்ல நிக்காது. ஆனா மெதுவாப் போகும்.

கொடியோட போயி நின்னோம். கூட்டம் பெருசாத் தெரியணும்னு ரெண்டாப் பிரிஞ்சு நின்னோம். பிளாட்பாரத்துக்கு வடக்குக் கோடியில நான், தெக்குக் கோடியில அவன். வண்டி வந்துச்சு. தலைவர் கதவுகிட்ட வந்தாரு. கையத் தூக்கினாரு. ஒரே ஒரு தடவைதான். வண்டி போயிருச்சு. என்னைப் பாத்துத்தான் தூக்கினாருன்னு நான் சொன்னேன். இல்ல, என்னைப் பாத்துத்தான்னு அவன் சொன்னான். வண்டிப் புகை அடங்கறதுக்குள்ள கட்சி ரெண்டாயிருச்சு. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடியாந்து, அந்த ஆளு வாய் கொப்பளிச்சுட்டுக் கைய உதறினாருய்யா, போயி பொழப்பப் பாருங்கன்னாரு. அவரு வேற கட்சி தம்பி. அவரு பேச்ச எடுத்துக்க முடியாது.

அன்னையிலேர்ந்து வடக்குக் கோஷ்டி, தெக்குக் கோஷ்டி. விஷயம் டெல்லி வரைக்கும் போச்சு. அங்கேர்ந்து மேலிடப் பார்வையாளர்னு ஒருத்தர் வந்தாரு. மூணு நாள் லாட்ஜுல தங்கினாரு. காலையில எங்கள விசாரிச்சாரு, சாயங்காலம் அவங்கள விசாரிச்சாரு. அவரு பேசினது இந்தி. எங்களுக்குப் புரியல, நாங்க பேசினது அவருக்குப் புரியல, அதனால விசாரணை ரொம்ப நடுநிலையா நடந்துச்சு. கடைசியில தீர்ப்பு சொன்னாரு. தலைவர் நான். துணைத் தலைவர் குஞ்சிதபாதம். கிளை முத்திரை என்கிட்ட இருக்கணும், கிளை ஆபீஸ் சாவி அவன்கிட்ட இருக்கணும். ஒருத்தர இன்னொருத்தர் மீறக் கூடாதுங்கறதுக்காக அப்படி.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. முத்திரை இல்லாத மனுவ டெல்லி வாங்காது. அதனால என்மேல புகார் எழுதினா, அதுக்கு முத்திரை குத்த அவன் என் கடைக்குத்தான் வரணும். வருவான். மேஜை மேல வச்சுட்டு எங்கயோ பாத்துக்கிட்டு நிப்பான். நான் ஒரு தடவை படிச்சுப் பாப்பேன். படிக்காமக் குத்தறது தலைவருக்கு அழகில்ல. தேதி தப்பா இருந்தா திருத்துவேன். ஒரு தடவை நான் கட்சிக் கொடியத் தலைகீழா ஏத்துனேன்னு எழுதியிருந்தான், அது எந்த வருசம்னு அவனுக்கு ஞாபகம் இல்ல, நான்தான் சொன்னேன். குத்திக் கொடுத்துருவேன். அதுக்கு நான் பதில் எழுதணும்னா கட்சி டைப்ரைட்டர் ஆபீசுக்குள்ள இருக்கு. அவன் வந்து திறந்து விடணும். திறந்து விடுவான். நான் அடிச்சு முடிக்கற வரைக்கும் வெளியில நிப்பான். ரிப்பன் மாத்தணும்னா மட்டும் உள்ள வருவான். எனக்கு அது வராது.

இப்படியே வருசம் ஓடுச்சு. ஒவ்வொரு தேர்தலுக்கும் நாலு பேர், அஞ்சு பேர் வேற கட்சிக்குப் போனாங்க. போறவன் எல்லாம் பதவிக்காகப் போறான்னு நான் கூட்டத்துல பேசினேன். பேசி முடிக்கும்போது இன்னும் ரெண்டு பேர் போயிருந்தாங்க. ரெண்டாயிரத்து மூணுல கணக்கெடுத்தா மிச்சம் ரெண்டே பேர். வடக்குக் கோஷ்டியில நான். தெக்குக் கோஷ்டியில அவன்.

அதுக்காகக் கட்சி நின்னு போச்சுன்னு நினைக்காதீங்க. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை செயற்குழு. ஒரு மாசம்கூடத் தவறினதில்ல. அவன் திறப்பான், நான் தீர்மானம் படிப்பேன். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை பத்தி ஒரு தீர்மானம், உலக சமாதானம் பத்தி ஒரு தீர்மானம். அவன் எதிர்த்துப் பேசுவான். ஓட்டெடுப்பு. ஆதரவு ஒண்ணு, எதிர்ப்பு ஒண்ணு. சமமா வந்தா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அத நான் போடுவேன். நிறைவேறும். உடனே அவன் ஜனநாயகப் படுகொலைன்னு சொல்லிட்டு வெளிநடப்பு செய்வான். வாசல்ல போயி நின்னுக்குவான். நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதி முடிச்சதும் பூட்டணும்ல. அப்புறம் அவன் வடக்கால போவான், நான் தெக்கால போவேன். வீடு அப்படி அமைஞ்சு போச்சு.

போன வருசம் தை மாசம் குஞ்சிதபாதம் செத்துப் போனான். காதுகுத்து வீட்டுக்கு மைக் செட் கட்டப் போயிருக்கான். ஆள ஏத்தி மரத்துல ஸ்பீக்கர் குழாய் கட்டச் சொல்லிட்டு, கீழ நாற்காலியில உக்காந்தவன் எந்திரிக்கல. சரி, அத விடுங்க. விஷயத்துக்கு வர்றேன்.

ஆனி மாசம் மாநில ஆபீசுலேர்ந்து ஒரு கடிதாசி. உங்கள் கிளையிலிருந்து கடந்த ஐந்து மாதமாக ஒரு புகாரும் வரவில்லை, எனவே கிளை இயங்குகிறதா என்று ஐயம் எழுந்துள்ளது, இந்நிலை நீடித்தால் சேந்தனூரை மருதக்குடிக் கிளையோடு இணைக்க நேரிடும். மருதக்குடியோடயா தம்பி? மருதக்குடி யாரு? எழுவத்தொம்போது மாநாட்டுல எங்க ஊர் பேனர் மேல அவங்க பேனரக் கட்டினவங்க. இப்ப அங்க மூணே பேர், மூணு கோஷ்டி. மாசம் ஒம்போது புகார் தவறாமப் போகுதாம். அத வச்சுத் துடிப்பான கிளைன்னு அவங்களுக்கு டெல்லியில பேரு.

எங்க கட்சியில அப்படித்தான். சண்டை இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். அமைதியா இருந்தா செத்துட்டாங்கன்னு அர்த்தம். குஞ்சிதபாதம் இறந்தத நீங்க ஏன் தெரிவிக்கலங்கறீங்களா? எப்படித் தெரிவிக்கறது? இரங்கல் தீர்மானமா நிறைவேத்தித்தான் அனுப்பணும். முன்மொழிய ஒருத்தர் வேணும், வழிமொழிய ஒருத்தர் வேணும். நான் முன்மொழிஞ்சா யாரு வழிமொழிவா? நாலஞ்சு தடவை எழுதிப் பாத்துட்டு விட்டுட்டேன். அப்புறம் சாவியும் அவன் வீட்டுல இருந்துச்சு. நான் போயிக் கேக்கல.

அதனால ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் பேருல என்மேல நானே புகார் எழுதறதுன்னு. கையெழுத்துத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு இடது கையால எழுத உக்காந்தேன். உக்காந்தா ஒண்ணும் வரல. அப்பதான் தம்பி எனக்கே தெரிஞ்சுது, என்கிட்ட குத்தம் கண்டுபிடிக்கறது எவ்வளவு கஷ்டமான காரியம்னு. பாவம், அவன் நாப்பது வருசமா எப்படித்தான் சமாளிச்சானோ. ரெண்டு நாள் யோசிச்சு, தலைவர் பக்கிரிசாமி அவர்கள் அளவுக்கு மீறி உழைக்கிறார், உடம்பைப் பார்த்துக்கொள்வதே இல்லைன்னு எழுதி முத்திரை குத்தி அனுப்பினேன். இது புகாரா, பாராட்டுரையான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது மனு நல்லா வந்துச்சு. கட்சி ஆபீசுல யூரியா மூட்டை அடுக்கினேன்னு எழுதினேன். அடுக்கினது உண்மைதான், ஆனா ஒரே ஒரு மழைக்காலம். அதப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துருச்சு. அதெப்படி எழுதலாம்? வலது கையால காரமா ஒரு பதில் போட்டேன். குஞ்சிதபாதம் மாநாட்டுக்கு இரவல் மைக்கக் கொடுத்துத் தலைவர் பேச்சுல பாதிய முழுங்க வச்சவன்னு. அதுக்கு அவன் சும்மா இருப்பானா? இடது கை மறுபடி எழுந்துச்சு. காலையில அவன், மத்தியானம் நான். ஒரு நாளைக்கு மூணு மனு போயிருக்கு. தபால்காரர், என்ன தலைவரே கட்சி சூடு புடிச்சிருக்கு போலன்னு கேட்டாரு. கடையில வந்து யூரியா கேக்கறவங்கள அப்புறம் வரச் சொன்னேன். பத்து மாசம். உண்மையச் சொல்றேன், அந்தப் பத்து மாசம் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததில்ல. மருதக்குடிய எட்டு புகார்ல முந்திட்டோம்.

பன்னண்டு நாளைக்கு முந்தி டெல்லியிலேர்ந்து பதிவுத் தபால் வந்துச்சு. சாட்சியங்களை நுணுக்கமாகப் பரிசீலித்ததில் திரு. குஞ்சிதபாதத்தின் குற்றச்சாட்டுகள் அனைத்தும் மெய்யெனத் தெரிய வருகின்றன. என்னை ஆறு வருசத்துக்கு நீக்கியாச்சு. புதுத் தலைவர் குஞ்சிதபாதம். பதினஞ்சு நாளைக்குள்ள நான் பொறுப்ப ஒப்படைச்சு, புதுத் தலைவர் கையெழுத்தோட அத்தாட்சி அனுப்பணும். இல்லாட்டி மருதக்குடி.

பாத்தீங்களா அநியாயத்த? அவன் உயிரோட இருந்து நாப்பது வருசம் எழுதினான், அப்ப ஒரு நடவடிக்கையும் இல்ல. நான் எழுதின உடனே எடுத்துட்டாங்க. அந்த வகையில ஒரு திருப்தின்னு வச்சுக்கங்களேன். ஆனா மேலிடம் சொன்னா சொன்னதுதான். எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. மறுநாள் காலையில ஒரு சால்வை வாங்கிக்கிட்டு, உத்தரவையும் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

தையல்நாயகிதான் இருந்துச்சு. குஞ்சிதபாதம் சம்சாரம். எனக்குத் தங்கச்சி முறை. வாங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. கூடத்துல அவன் படம் மாட்டியிருந்துச்சு. மாலை ஏற்கனவே போட்டிருந்துச்சு, நான் அதுக்கு மேல சால்வையப் போத்தி, தலைவருக்கு வாழ்த்துன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தையல்நாயகி என்னன்னு கேட்டுச்சு. முழுசாச் சொன்னேன். மனு நகல் எல்லாத்தையும் எடுத்து வச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் படிச்சுது. நடுவுல எந்திரிச்சுப் போயி அடுப்ப அணைச்சுட்டு வந்து மறுபடி படிச்சுது.

"அவரு எழுதினா பக்கிரின்னுதான் எழுதுவாரு. பக்கிரிசாமி அவர்கள்னு எழுதியிருக்கீங்க. இதுகூடத் தெரியல டெல்லிக்காரங்களுக்கு"ன்னு சொல்லுச்சு.

நான் அத்தாட்சித் தாள நீட்டி, ஒரே ஒரு கையெழுத்து தங்கச்சி, அவன் போடற மாதிரி போட்டுக் குடுத்தா கிளை பொழைச்சுக்கும்னேன். தையல்நாயகி உள்ள போயி ஒரு தகரப் பொட்டியக் கொண்டாந்துச்சு. அதுக்குள்ளேர்ந்து ஒரு அட்டை. கட்சி உறுப்பினர் அட்டை தம்பி. எம்பத்துநாலுல உறுப்பினர் சேர்க்கை நடந்தப்போ எங்க கோஷ்டிதான் பெருசுன்னு காட்ட ரெண்டு பேரும் வீட்டுப் பொம்பளைங்க பேரையெல்லாம் எழுதினோம். எழுதினதோட சரி, யாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்ல. என் சம்சாரம் அட்டையில பால் கணக்கு எழுதி எழுதி அது கிழிஞ்சே போச்சு, மத்தவங்க அட்டையும் அப்படித்தான் போச்சு. இது மட்டும் பத்திரமா வச்சிருக்கு.

"செத்தவரு கையெழுத்த நான் போட மாட்டேண்ணே. என் கையெழுத்தப் போடறேன். இருக்கற உறுப்பினர் நான் ஒருத்திதானே. உங்களத்தான் நீக்கிட்டாங்களே"ன்னுச்சு.

யோசிச்சுப் பாத்தேன். விதிப்படி சரி. நான் நீக்கம், அவன் மறைவு, மீதி தையல்நாயகி. துணைத் தலைவர் மறைவு, தலைவர் நீக்கம், மூத்த உறுப்பினர் பொறுப்பேற்பு. போட்டுக் குடுத்துச்சு. சாவிய என்ன பண்றதுன்னேன். அது என்கிட்டத்தான் இருக்கும், முத்திரை உங்ககிட்டயே இருக்கட்டும்னுச்சு. அதுவும் விதிப்படி சரிதான்.

ஆனா ஒரு கவலை எனக்கு. தங்கச்சி, இப்ப நீ ஒருத்திதான் கட்சி, எதிர்க்கோஷ்டி இல்ல, அஞ்சு மாசம் புகார் போகலைன்னா மறுபடி மருதக்குடிதானேன்னு கேட்டேன். தையல்நாயகி கண்ணாடிய மறுபடி மாட்டிக்கிச்சு.

"புகார்தானே வேணும்? ஒரு தாள் குடுங்க. என்கிட்ட ஒண்ணு பதினஞ்சு மாசமா இருக்கு."

தரையில உக்காந்து, முழங்கால்ல வச்சு எழுதுச்சு. அடிச்சுத் திருத்தாம எழுதுச்சு. எழுதிட்டு, முத்திரை குத்துங்கன்னு நீட்டுச்சு. நான் வழக்கப்படி படிச்சேன். இந்தாங்க, நீங்களும் படிங்க. எனக்குத் தாளே வேண்டாம், மனப்பாடம்.

"எங்கள் கிளையின் முன்னாள் தலைவர் திரு. பக்கிரிசாமி, என் கணவர் இறந்த மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்து எங்கள் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தார். கையில் மாலை வைத்திருந்தார். சாயங்காலம் எடுக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. இதற்கு விளக்கம் கேட்டு எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான் புகார்.

போகலதான் தம்பி. பொய் சொல்லல. எப்படிப் போறது? நாப்பது வருச எதிர்க்கோஷ்டி. நான் உள்ள போயி மாலை போட்டா கோஷ்டி ரெண்டும் ஒண்ணாயிருச்சுன்னு ஆயிடும். கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல. கட்சிக்காரன் எவனாவது பாத்தா என்ன நினைப்பான்? எவன் பாப்பான்னு கேக்கறீங்களா. அதுவும் சரிதான். அன்னைக்குக் கட்சியில மிச்சம் நான் ஒருத்தன். தையல்நாயகியச் சேத்தா ரெண்டு பேர். அது உள்ள இருந்துச்சு.

மைக் செட் மருதக்குடியிலேர்ந்து வந்திருந்துச்சு. ஊருக்கெல்லாம் குழாய் கட்டினவனுக்கு வெளியூர் செட். எவனோ அத என் பக்கமாத் திருப்பிக் கட்டியிருந்தான். வீட்டுக்குள்ள அழுகிறது பூராவும் என் காதுல வந்து விழுந்துச்சு. அவன் கட்டியிருந்தா ரோட்டு நீளத்துக்குத் திருப்பிக் கட்டியிருப்பான். ஒவ்வொரு தடவையும் எந்திரிப்பேன். ரோட்டத் தாண்டணும், அவ்வளவுதான், பத்தடி. யாராவது உள்ள போவாங்க, சரி இவங்க வந்துரட்டும்னு உக்காந்துருவேன். எடுத்துட்டாங்க. மாலைய வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல. டீக்கடைக்காரர் சாமி படத்துக்குப் போட்டுக்கறேன்னு வாங்கிக்கிட்டாரு. எனக்கு அன்னைக்கு ரொம்ப அழுகையா வந்துச்சு தம்பி. கட்சிக்காரன் நடுரோட்டுல அழக் கூடாது.

முத்திரை குத்திட்டேன். தபால்ல போட வேண்டாம், நீங்களே நேர்ல கொண்டு போயிக் குடுங்கன்னு தையல்நாயகி சொல்லிருச்சு. இப்ப அதுதான் தலைவர், மீற முடியாது. புகாரோட கூடவே குற்றம் சாட்டப்பட்டவர் விளக்கத்தையும் இணைக்கணும், அது எங்க விதி. அவன் எழுதின புகாருக்கெல்லாம் நான் நின்ன நிலையில பதில் எழுதிருவேன். மேற்படி புகார் முற்றிலும் பொய்யானது, உள்நோக்கம் கொண்டதுன்னு ஆரம்பிச்சா அப்புறம் கை தன்னால ஓடும். இதுக்கு அந்த வரிய எழுத வரல. பதினோரு நாளா உக்காந்தேன். இன்னைக்கு விடியக்கால ஒரே ஒரு வரி வந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் ஓடல, அப்படியே முத்திரை குத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

'உள்ளே வர வேண்டும் என்றுதான் வந்தேன்.'

நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இத விளக்கம்னு எடுத்துக்குவாங்களா தம்பி?